அக்கினி நட்சத்திரத்தில் ஆறு கிகாஹெர்ட்ஸ்

(ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவர்களும் ஸ்டூடியோ நடத்துபவர்களும் கணினிக் கடை நண்பர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரை)



தண்ணியில்லாக் காடு என்று தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிய மாவட்டத்தில் நின்றுகொண்டு வாட்டர் கூலிங்கைப் பற்றியும் பேசப்போகிறேன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பின்னால் கணக்கு வருகிறது.

கணினி அசெம்பிள் செய்யும் பையன்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "சார், இந்த ப்ராசஸரை எதுவரைக்கும் ஏத்தலாம்? ஐந்தரை போகுமா, ஆறு தொடுமா?" நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, உன் ரூம்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு எத்தனை டிகிரி?" பதில் வராது. ப்ராசஸருக்குள்ளே ஒவ்வொரு கோரும் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். தாங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் சூடு தெரியாது. இன்றைய பேச்சு முழுக்க அந்த அறையைப் பற்றித்தான்.

பிள்ளைகள் இழுத்துவந்து உட்காரவைத்த பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. ப்ராசஸர் என்கிற சிப் ஒரு துடிப்புக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறது. நாலு கிகாஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 400 கோடித் துடிப்பு. கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே அதை முடுக்கிவிடுவதுதான் ஓவர்கிளாக். காசு கொடுக்காமல் வேகம் கிடைக்கிறது என்பதுதான் இதன் கவர்ச்சி.

அந்தக் கவர்ச்சிக்கு நியாயமும் இருந்தது. 1998-ல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒரு மலிவு ப்ராசஸரை இறக்கியது. மதர்போர்டின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், அதற்கு நாலரை மடங்கு, ஆக மொத்தம் 300. பஸ்ஸை 66-லிருந்து 100-க்கு மாற்றினால் அதே சிப் 450-ல் ஓடியது. பாதிக்குப் பாதி கூடுதல் வேகம்! சாதாரண ஹீட்சிங்க், சாதாரண ஃபேன், பெரும்பாலான சிப்புகள் முனகாமல் ஓடின. அன்றைக்கு அதைச் செய்து பார்த்த தலைமுறைதான் இன்றைக்கும் யூடியூபில் பாடம் எடுக்கிறது. அந்த ருசி நாக்கை விட்டுப் போகவில்லை.

450-ல் ஓடக்கூடியதை ஏன் 300 என்று விற்றார்கள்? சந்தை விலைத் தந்திரம் பாதி. அதை விடுங்கள். மீதிப் பாதிதான் நமக்கு முக்கியம். எந்தக் கம்பெனியும் ஒரு சிப் அதிகபட்சம் எவ்வளவு ஓடுமோ அந்த வேகத்தை அட்டைப்பெட்டியில் அச்சடிப்பதில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் குறிக்கும். ஏன் மிச்சம்? அந்த சிப் எந்த ஊருக்குப் போகும் என்று தொழிற்சாலைக்குத் தெரியாது. வெயில் ஊருக்குப் போகலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊருக்குப் போகலாம். ஃபேனில் தூசி அப்பி, தெர்மல் பேஸ்ட் காய்ந்து, ஐந்து வருஷம் கழித்தும் அது தப்பில்லாமல் கணக்குப் போட வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த மிச்சம். வெயில் ஊர், மின்சாரம் ஏறி இறங்கும் ஊர், உப்புக் காத்து என்று வரிசையாகச் சொல்லும்போது உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருகிறது? அந்த மிச்சத்தை நமக்காகத்தான் வைத்தார்கள் ஐயா. குளிர் நாட்டுக்காரன் அதை எடுத்துச் செலவழிக்கலாம், அவனுக்கு அது உபரி. நம் ஊரில் சித்திரை வைகாசியே அதைச் செலவழித்துவிடுகிறது.

எவ்வளவு செலவழிக்கிறது என்று கணக்குப் பார்ப்போம். ஒரு சிப் தின்னும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பக் கூடுகிறது. வோல்டேஜின் இருமடிப்படியும் கூடுகிறது. இருமடி என்பதுதான் விஷயம். வேகத்தை ஏற்றினால் சிப் தடுமாறும், தடுமாறாமல் இருக்க வோல்டேஜை ஏற்றுவார்கள். வேகம் பத்து சதவீதம், வோல்டேஜ் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.1 பெருக்கல் 1.1 பெருக்கல் 1.1, விடை 1.331. பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்துமூன்று சதவீத மின்சாரம். 150 வாட் எடுத்துக்கொண்டிருந்த சிப் 200 வாட் எடுக்கிறது. எடுத்த அத்தனை வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும்.

ஹீட்சிங்க் அந்தச் சூட்டை அறைக் காற்றில் சேர்க்கிறது. ஒவ்வொரு வாட்டுக்கும் சிப், அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே நிற்கும் என்று ஒரு விகிதம் உண்டு. நல்ல கூலர் என்றால் சிப்பிலிருந்து காற்று வரை மொத்தமாக வாட்டுக்கு 0.35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சோதனைக்கூடத்தில் ஏசி போட்டு 22 டிகிரி, கேபினட் இல்லாமல் திறந்த மேசை. 150 வாட்டுக்கு ஐம்பத்திரண்டரை டிகிரி ஏறும், சிப் 75-ல் நிற்கும். ஓவர்கிளாக் செய்து 200 வாட் ஆக்கினால் 70 டிகிரி ஏறும், சிப் 92. "பாருங்கள், நூறைத் தொடவே இல்லை" என்று அங்கே சோதனை செய்யும் யூடியூப்காரர் வீடியோவில் சிரிக்கிறார். அவர் சொல்வது பொய் இல்லை.

இப்போது நம் அறைக்கு வாருங்கள். சீலிங் ஃபேன் சுற்றும் அறை, மேலே தட்டோட்டுத் தளம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ், மத்தியானம் 36 டிகிரி. மூடிய கேபினட்டுக்குள் இன்னும் நாலு டிகிரி. ஆக 40-ல் தொடங்குகிறோம். ஓவர்கிளாக் ஒன்றும் செய்யவில்லை, அதே 150 வாட், அதே ஐம்பத்திரண்டரை. சிப் 92-ல் நிற்கிறது. அவர் ஓவர்கிளாக் செய்து போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் எதையும் தொடாமலே வந்து நிற்கிறோம். இதற்கு மேல் நாமும் 200 வாட்டுக்கு ஏற்றினால் 110. இன்டெல் சிப்புகள் பலவற்றுக்கு எல்லை 100 டிகிரி, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் சிப் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஃபேன் ஹெலிகாப்டர் போல அலறும், மின்சாரக் கட்டணம் ஏறும், வேகம் மட்டும் பழைய இடத்துக்கே, சில நேரம் அதற்கும் கீழே வந்துவிடும். ஓவர்கிளாக் செய்து ஸ்கோர் குறைந்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள், கையைத் தூக்க வேண்டாம்.

தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்தப் புத்தி சிப்புக்கு ஆரம்பத்தில் இல்லை. 2001-ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற கணினி இதழ் ஒரு படம் எடுத்தது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஹீட்சிங்கைக் கழற்றிவிடுவார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து ஓடியது. ஏஎம்டியின் அத்லான் சில விநாடியில் புகைந்துபோனது. அதற்குப் பிறகு எல்லாக் கம்பெனியும் சிப்புக்குள்ளேயே வெப்பமானியும் கடிவாளமும் வைத்துவிட்டார்கள். அதனால் இன்று ஓவர்கிளாக்கில் சிப் புகைவது அபூர்வம். பிள்ளைகளின் தைரியத்துக்கும் அதுதான் காரணம். புகைந்தால் பயம் வரும். சத்தமில்லாமல் தேய்ந்தால் எப்படி வரும்?

ஒரு நிமிஷம் பழைய கதைக்குப் போக வேண்டும். 1974-ல் ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவும் ஒரு விதியைச் சொன்னார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கச் சிறிதாக்க வோல்டேஜையும் குறைக்கலாம், அதனால் அதே பரப்பில் எத்தனை டிரான்சிஸ்டரை அடைத்தாலும் சூடு கூடாது. முப்பது வருஷம் உலகம் அந்த விதியில்தான் ஓடியது. இரண்டாயிரங்களின் நடுவில் அது நின்றுபோனது. வோல்டேஜை அதற்கு மேல் குறைக்க முடியவில்லை. அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. சூடு ஏற ஏறக் கசிவு கூடும், கசிவு கூடக் கூடச் சூடு ஏறும். 2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் பென்டியம் 4 இந்தச் சுழலில் சிக்கியது. இன்டெல் அதற்கு அடுத்து வர வேண்டிய டேஹாஸ் என்ற சிப்பை அந்த மே மாதமே கைவிட்டது, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை அக்டோபரில் கைவிட்டது. 10 கிகாஹெர்ட்ஸ் வரப்போகிறது என்று பேசிய கம்பெனி 3.8-லேயே நின்றது. உலகத்திலேயே பெரிய சிப் கம்பெனியை நிறுத்தியது போட்டியாளர் இல்லை, சூடு.

பிறகு என்ன செய்தார்கள்? அந்த மிச்சத்தைத் தாங்களே எடுத்துச் செலவழிக்க ஆரம்பித்தார்கள். டர்போ பூஸ்ட் என்று 2008-ல் இன்டெல் கொண்டுவந்தது. சிப் குளிர்ச்சியாக இருந்தால், மின்சாரம் மிச்சம் இருந்தால், அதுவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும். கோர் ஐ9-14900கே பெட்டியில் 6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது அல்லவா? அந்தக் கடைசி உச்சத்தைத் தருவதற்குத் தெர்மல் வெலாசிட்டி பூஸ்ட் என்று பெயர். சிப் 70 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது வரும். 40-ல் தொடங்கும் நம் கேபினட்டுக்குள் 70-க்குக் கீழே இருக்க என்ன வரம் வாங்கி வர வேண்டும்? காசு கொடுத்து வாங்கிய ஆறையே நம் ஊர் வெயில் பாதி நேரம் கொடுப்பதில்லை. அதற்கு மேலே எங்கிருந்து எடுப்பது?

இதே சிலிக்கான், இதே வெயில், நம் மாவட்டத்தில் இன்னோர் இடத்தில் பெரிய அளவில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. கமுதியில் 2016-ல் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். சோலார் பலகையின் வாட் அளவைக் குறிப்பது 25 டிகிரியில். அதற்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பலகை சுமார் 0.4 சதவீதம் குறைவாகத் தரும். வெயிலில் பலகை 60 டிகிரிக்குப் போனால் பதினான்கு சதவீதம் போச்சு. வெயிலால் ஓடும் நிலையத்துக்கே வெயில் சூடு ஆகாது என்பது வேடிக்கைதான். ஆனால் அங்கே இருக்கும் பொறியாளர் இதைப் பார்த்துக் கோபப்படுவதில்லை, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சொல்வதில்லை. 25 டிகிரி எண்ணை எடுத்து நம் ஊர் எண்ணாக மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார். பலகையைத் துடைக்க ரோபோவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் ரோபோ வாங்க வேண்டாம், ஒரு பெயின்ட் பிரஷ் வாங்கிக் கேபினட்டைத் துடைத்தால் போதும்.

இப்போது வாட்டர் கூலிங். "சார், ஏர் கூலர்தான் தாங்காது, லிக்விட் போட்டுட்டா?" என்று கேட்கிறார்கள். பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். விசைப்படகு எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீரைப் பம்ப் இழுத்து ஓட்டுகிறது. தண்ணீர் எஞ்சினைக் குளிரவைப்பதில்லை, சூட்டைச் சுமந்துகொண்டு போய்க் கடலில் கொட்டுகிறது. கடல் பெரியது, அதனால் தாங்குகிறது. இழுக்கும் குழாயில் பாசியோ பிளாஸ்டிக்கோ அடைத்துவிட்டால் பத்து நிமிஷத்தில் எஞ்சின் என்ன ஆகும் என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கணினியில் அந்தக் கடல் எது? உங்கள் அறை. பத்துக்குப் பத்து அறை, ஜன்னல் மூடி, திரை போட்டு, உள்ளே 400 வாட் கணினி. ரேடியேட்டர் சூட்டைக் கொட்டக் கொட்ட அறையே ஏறிக்கொண்டு போகிறது. லிக்விட் கூலர் 36 டிகிரி அறையில் சிப்பை 36-க்குக் கீழே ஒருநாளும் கொண்டுபோகாது. ஃப்ரிட்ஜ் மாதிரி என்று நினைத்துப் பதினைந்தாயிரம் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நல்ல ஏர் கூலரைவிடச் சில டிகிரி கிடைக்கும், அவ்வளவுதான். சரி, சொந்தமாகக் குழாய் போட்டு லூப் கட்டுகிறவர்களுக்குப் போர் தண்ணீரும் வேண்டாம், காவிரிக் குழாய்த் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் அதற்கென்றே விற்கும் துரு தடுக்கும் கலவையும் மட்டும்.

ஐஸ் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நம் கடற்கரையில் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு 25, 26 டிகிரிக்குக் கீழே எது குளிர்ந்தாலும் அதன் மேல் நீர் படிந்து சொட்டும். செம்பு டம்ளரில் ஜில்லென்று மோர் ஊற்றினால் வெளியே வியர்க்கிறதே, அது மதர்போர்டின் மேல் நடந்தால் கதை முடிந்தது. உலக சாதனை செய்கிறவர்கள் திரவ நைட்ரஜனும் திரவ ஹீலியமும் ஊற்றி 2022-ல் 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டினார்கள். அது ஒரு படம் பிடிப்பதற்குள் முடிந்துபோகிற சாகசம். அடுத்த நாள் அந்தக் கணினியில் யாரும் ரயில் டிக்கெட் புக் செய்வதில்லை.

இனி இதைப் பாருங்கள். முன்வரிசையில் இருப்பவர்கள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் கொடுங்கள். மண்டபத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு வீட்டுக் கணினியின் ஹீட்சிங்க். நடுவில் வட்டமாகச் செம்பு, சுற்றிலும் அலுமினியத் தகடுகள். செம்பும் அலுமினியமும் சேரும் விளிம்பைக் கவனியுங்கள், வெள்ளையாக மாவு பூத்திருக்கிறது. தடவிப் பாருங்கள், விரலில் ஒட்டும். அது தூசி இல்லை, அரித்துப்போன அலுமினியம். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டு உப்பு ஈரமும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். செம்பு ஓரத்தில் லேசாகப் பச்சை. தகடுகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி அடைத்திருப்பதுதான் தூசி. ஆனால் சாதாரணத் தூசி மாதிரி உதறினால் உதிராது, பிசுபிசு என்று அட்டை போல வரும். காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகக் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். ராத்திரியிலும் விடியற்காலையிலும் நம் கரையில் அந்த ஈரம் சர்வசாதாரணம். கணினியை அணைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள், சிப் குளிர்கிறது, உப்புத் தூசி கரைசலாகிறது. காலையில் பவர் பட்டனை அழுத்துகிறீர்கள்.

இந்த வீட்டுப் பையன் சூடு தாங்கவில்லை என்று கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்திருந்தான். பாதி ஊர் செய்கிற காரியம். டிகிரி குறையும், உண்மைதான். கூடவே ஜன்னல் வழியாக வரும் கடல் காற்று அத்தனையும் வடிகட்டி எதுவும் இல்லாமல் நேராக மதர்போர்டின் மேல் வீசும். ஓவர்கிளாக் செய்தால் அதிகக் காற்று வேண்டும். அதிகக் காற்று என்றால் இங்கே அதிக உப்பு. குளிர் நாட்டுப் புத்தகத்தில் இந்தக் கணக்கு இல்லை.

உப்பு என்ன செய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூற்றாண்டுக்கு மேல் உப்போடு மல்லுக்கட்டியது, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். டன் கணக்கான இரும்புக்கே அந்தக் கவனிப்பு. உங்கள் மதர்போர்டில் இருக்கும் செம்புக் கோடு தலைமுடியைவிட மெல்லியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சாட்சியும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018-ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே 864 சர்வர்களை ஓர் இரும்பு உருளைக்குள் வைத்துக் கடலுக்குள்ளேயே இறக்கியது. ப்ராஜெக்ட் நாடிக் என்று பெயர். 2020-ல் தூக்கிப் பார்த்தபோது, கரையில் இருந்த சர்வர்களில் பழுதானதில் எட்டில் ஒரு பங்குதான் கடலுக்குள் பழுதாகியிருந்தது. கடலுக்குள்ளே எப்படி? உருளைக்குள் காற்று இல்லை, உலர்ந்த நைட்ரஜன். அரிக்க ஆக்சிஜனும் ஈரமும் இல்லை, சூட்டை வாங்கிக்கொள்ளக் குளிர்ந்த கடல். கடலுக்குள்ளே மூடி வைத்தால் பிழைக்கிறது, கடற்கரையில் திறந்து வைத்தால் சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி நியாயமாகவும் பேச வேண்டும். 95 டிகிரியைத் தொட்டால் சிப் செத்துவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. ரைசன் 7000 வந்தபோது 95-ல் ஓடுவது வடிவமைத்தபடிதான் என்று ஏஎம்டியே சொன்னது. சிப் தானாக ஏறி, தானாக இறங்கி, வோல்டேஜையும் தானே பார்த்துக்கொண்டால் 95 ஆபத்தில்லை. ஆபத்து, பயாஸ் என்கிற மதர்போர்டு அமைப்புத் திரைக்குள் போய் வோல்டேஜை ஒரே இடத்தில் ஆணி அடித்து நிறுத்தும்போது வருகிறது. சூடும் வோல்டேஜும் சேர்ந்தால்தான் தேய்மானம். மோட்டோரோலாவின் ஜேம்ஸ் பிளாக் 1969-லேயே இதில் ஒரு பகுதிக்குச் சமன்பாடு எழுதினார்: மின்னோட்டம் நெருக்கமாக நெருக்கமாக, சூடு ஏற ஏற, சிப்புக்குள் இருக்கும் உலோகக் கம்பியின் அணுக்களே நகர்ந்து கம்பி அறுந்துபோகும் காலம் சுருங்கும் என்று.

தொழிற்சாலைகளே இதில் கை சுட்டுக்கொண்டன. 2023 ஏப்ரலில் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் சில, மதர்போர்டு சாக்கெட்டோடு சேர்ந்து கருகி உப்பின. மதர்போர்டுகள் ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை அதிகமாகக் கொடுத்திருந்தன. ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டுக்குள் கட்டிப்போட்டுப் புதிய பயாஸ் கொடுத்தது. 2024-ல் இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை மேசைக் கணினி சிப்புகள். கேம் பாதியில் மூடிக்கொள்ளும், நீலத் திரை வரும். காரணத்தை இன்டெல் அந்த செப்டம்பரில் விளக்கியது: அதிக வோல்டேஜும் சூடும் சேர்ந்து சிப்புக்குள் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் ஒரு சுற்றை முதுமையடைய வைத்துவிட்டன. இதில் பலர் ஓவர்கிளாக் செய்யாதவர்கள். அல்லது செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். விலை உயர்ந்த மதர்போர்டுகள் பல, பெட்டியிலிருந்து எடுத்த உடனேயே இன்டெல் சொன்ன 253 வாட் எல்லையைத் தூக்கிவிட்டுத்தான் ஓடின. போர்டுக் கம்பெனிக்கு விமர்சனத்தில் முதலிடம் வேண்டும், உங்கள் சிப் அதற்குப் பலி. கேட்டால் "ஆட்டோ" என்று போட்டிருக்கும்.

கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டூடியோ நண்பர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. கேம் ஆடும் பையனுக்கு ஓவர்கிளாக் தவறினால் ஆட்டம் போகும். உங்களுக்கு? சிப் எல்லைக்கு அருகே ஓடும்போது எப்போதும் நின்றுபோவதில்லை, சில நேரம் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். கூகுள் ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட கட்டுரையில், ஓவர்கிளாக் செய்யாத தங்கள் சர்வர்களிலேயே சில ஆயிரம் கணினிக்கு ஒரு சில என்ற கணக்கில் சத்தமில்லாமல் தப்புச் செய்யும் கோர்கள் இருந்ததாக எழுதினார்கள். விடிய விடிய ரெண்டர் போட்டுக் காலையில் பென்டிரைவில் கொடுத்த தாலி கட்டும் காட்சியில் பச்சைக் கட்டம் விழுந்திருந்தால், பெண் வீட்டாரிடம் கிளாக் வேகத்தைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். தொழிலுக்கு வைத்திருக்கும் கணினியில் ஓவர்கிளாக் கூடாது. இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. கடைகளில் அதிகம் விற்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். ஓவர்கிளாக் செய்த ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து அதைத் தாண்டினால், கரண்ட் போன அந்த நொடியே யூபிஎஸ்ஸும் கை விரித்துவிடும். மே மாதம் ஊர் முழுக்க ஏசி ஓடி வோல்டேஜ் இறங்கும்போது, எஸ்.எம்.பி.எஸ் அதே வாட்டைக் கொடுக்க அதிக ஆம்பியர் இழுக்கும், அதுவும் சூடாகும். அதற்குள் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

"அப்படியானால் ஒன்றுமே செய்யக்கூடாதா சார்?" என்று ஒரு தம்பி கண்ணாலேயே கேட்கிறான். செய்யலாம். எதிர்த்திசையில் செய்யலாம். நான் போட்ட அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகமும் வோல்டேஜும் சேர்ந்து குறைந்தால் மின்சாரம் கனமடியில் குறையும். மின்சாரத்தைப் பாதியாக்க வேகத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் போதும். பயாஸில் பவர் லிமிட்டைக் குறைப்பது, ஏஎம்டியில் ஈகோ மோட், கொஞ்சம் அண்டர்வோல்ட் எல்லாம் அதற்குத்தான். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் துளித்துளியாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டி, எதுவரை தாங்கும் என்று கண்டுபிடிப்பதில் ஓவர்கிளாக்கில் இருக்கும் அத்தனை விளையாட்டும் இருக்கிறது. சோதனையை டிசம்பர் மழையில் செய்து திருப்திப்படாதீர்கள், அக்கினி நட்சத்திரத்து மத்தியானத்தில் செய்யுங்கள். இந்தக் கரைக்கு இதுதான் பொருந்திய கலை என்பது என் தீர்ப்பு. நார்வேயில் பிறந்திருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

வீட்டுக்குப் போய்ச் செய்யச் சில வேலைகள். 200 ரூபாய்க்கு ஒரு அறை வெப்பமானி வாங்கிக் கணினிக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஈரப்பதமும் காட்டுவதாக இருந்தால் நல்லது. கேபினட்டைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள், கதவை மூடி முன்பக்கம் வலை வடிகட்டி போடுங்கள். மாதம் ஒருமுறை பிரஷ், வருஷம் ஒருமுறை புது தெர்மல் பேஸ்ட். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், உரிக்காமல் மாட்டிய கணினிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, இன்டெல் 13 அல்லது 14-ம் தலைமுறையின் கே வரிசை சிப் வைத்திருப்பவர்கள் இன்றே மதர்போர்டு கம்பெனியின் புதிய பயாஸைப் போட்டுக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து வந்த திருத்தங்கள் அதில் இருக்கின்றன. ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அது சரிசெய்யாது. அதற்காகப் பெட்டியோடு வாங்கிய சிப்புகளுக்கு மூன்று வருஷ உத்தரவாதத்தை இன்டெல் ஐந்தாக நீட்டியிருக்கிறது. 2022 கடைசியில் வாங்கியவர்களுக்கு அந்த ஐந்தும் 2027-ல் முடிகிறது. பில்லைத் தேடி எடுத்து வையுங்கள்.